காற்றாடிக் கிணற்றின் மூடி

ஊரின் அடையாளம் எதுவென்று கேட்டால் எல்லாரும் நாற்சந்தியில் நிற்கும் அந்தக் காற்றாடிப் பம்பைத்தான் காட்டுவார்கள். வயது நூறைத் தாண்டிவிட்டது. படம் எடுக்க வருகிறவர்களுக்குக் குறைவில்லை. ரிப்பேர் பார்க்கக் கிணற்றுக்குள் இறங்கத்தான் ஆள் கிடைக்கவில்லை. கடைசியில் அந்த வேலை ஃபிட்டர் தலையில் விழுந்தது.

பட்டப்பகலில் மச்சினனோடு வந்தார். வேடிக்கை பார்க்கிறவர்கள் உள்ளே விழுந்துவிடாதபடி இரும்பு மூடியை வெளியே தாழ்ப்பாள் போட்டுவிடுவார்கள். மூடிவிட்டால் பேச்சு வெளியே கேட்காது. குழாயைத் தட்டித்தான் சேதி சொல்ல வேண்டும்.

"ஒண்ணு தட்டினா காத்தாடிய நிறுத்து. ரெண்டுன்னா ஓடவிடு. மூணுன்னா மூடியத் திற. புரிஞ்சுதா மாப்ளே?"

"காலையிலேர்ந்து பத்து தடவ சொல்லிட்டீங்க மாமா. இறங்குங்க."

உள்ளே ஏணி. அதை ஒட்டியே பம்புக் கம்பி. அடியில் பாசி நாறும் கறுப்புத் தண்ணீர். தண்ணீருக்கு மேலிருந்த பலகையில் நின்று எல்லா நட்டையும் முடுக்கிவிட்டு, ஸ்பேனரால் குழாயை இரண்டு தட்டினார். கம்பி ஏறி இறங்க, குழாயில் தண்ணீர் ஏறியது. அவருக்குப் பெருமை தாங்கவில்லை. போதும், நிறுத்தலாம்.

டங்.

அடுத்த நொடியே, தண்ணீருக்குள்ளிருந்து இன்னொரு டங்.

மேலே இருப்பவனுக்கு அது இரண்டு.

கம்பி ஓடியது. ஓடும்போது ஏணியில் ஏறினால் ஆள் நசுங்கிவிடுவார். மறுபடி ஒன்று தட்டினார். கீழே எதுவோ மறுபடி ஒன்று சேர்த்தது.  அவர் மூளை ஒரு கணக்குப் போட்டது. சேர்க்கத்தானே செய்கிறது? சேர்க்கட்டும். இரண்டு தட்டிவிட்டு மூன்றாவதற்காகக் காத்திருந்தார்.

அது தட்டவில்லை.

வெகுநேரம் கழித்து, தானாகவே ஒன்று தட்டியது. கம்பி நின்றது.

பிறகு மூன்று.

ஈரக் கை ஒன்று அவர் தோளைப் பற்றியது. அவரையே படியாக்கி மிதித்துக்கொண்டு ஏணியில் ஏறிப் போனது. கத்த வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. மேலே மூடி திறந்து வெளிச்சம் விழுந்தது.

"என்ன மாமா, இப்படித் தொப்பலா நனைஞ்சிருக்கீங்க! வாங்க, வீட்டுக்குப் போலாம். அக்கா பாத்தா பயந்துடுவா."

ஃபிட்டர் வெறி பிடித்தவராய்க் குழாயில் அடித்தார். மூன்று. மூன்று. மூன்று.

"உள்ள யாரோ தட்டறாங்க மாமா?"

பதில் சொன்னது அவருடைய சொந்தக் குரல்.

"பழைய குழாய், அப்படித்தான் சத்தம் போடும். மூடு மாப்ளே."