பாதியில் நின்ற பெயர்

அப்பா பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். உயிரோடு, நல்ல திடமாக, கையில் மெழுகுவர்த்திப் பொட்டலத்தோடு... ஆனால் எதிரே இருந்த சிலுவையில் அவர் பெயர் எழுதியிருந்தது.

திரு. லாசரஸ்.

அவ்வளவுதான். கறுப்பு பெயிண்டில் முத்து முத்தான எழுத்து. அதற்குக் கீழே வெறும் சுண்ணாம்பு.

அமலராணி கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி படித்தாள். நேற்று சாயங்காலத் தூறலில் இந்தக் குறுக்கு வழியாகத்தான் ஓடினாள், அப்போது எதையும் கவனிக்கவில்லை. இன்று கல்லறைத் திருநாள். சாமந்தி மாலையும் சாம்பிராணிப் புகையுமாகப் பல்லாவரமே திரண்டிருக்கிறது. அம்மாவுக்கு மெழுகுவர்த்தி கொளுத்த வந்தால், அப்பாவையல்லவா அடக்கம் பண்ணி வைத்திருக்கிறார்கள்!

'திரு. லாசரஸ் அவர்களின் மனைவி ஞானசௌந்தரி' என்று சிமெண்டில் வெட்டி வைத்த பெயர் அது. இப்போது மனைவியையும் காணோம், ஞானசௌந்தரியையும் காணோம். சுற்றி நின்றவர்களில் யாரோ ஒரு பெண்மணி சிலுவை போட்டுக்கொண்டாள். இன்னொருத்தி சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்தாள்.

லாசரஸ் டிரில் மாஸ்டர். அவர் விசில் ஊதினால் பள்ளிக்கூடத்து மரத்துக் காக்கைகூட நேராக உட்காரும் என்பார்கள். அந்தக் குரலில்தான் கேட்டார்.

"யார் செஞ்ச வேலை இது?"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவன் முன்னால் வந்தான். ஒடிசலான உடம்பு, நகக்கண்ணில் இன்னும் கறுப்பு பெயிண்ட்.

"நான்தான் சார்."

சவுரிமுத்து. தாம்பரம் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கும் கிளார்க், குரோம்பேட்டையில் ஜாகை. ஞாயிற்றுக்கிழமையானால் சிநேகிதர்களைச் சேர்த்துக்கொண்டு கிளம்பிவிடுவான். ஒழுகுகிற வீட்டுக்குக் கூரை மாற்றுவார்கள், சாலையோரத்தில் பூவரசங்கன்று நடுவார்கள். யாரிடமும் ஒரு வாய் காப்பிகூட வாங்கிக் குடிப்பதில்லை. அந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்றில், முள் மண்டி ஆள் நுழைய முடியாமல் கிடந்த இந்தக் கல்லறைத் தோட்டத்தை வெட்டித் திருத்தியதும், சிலுவைகளுக்குச் சுண்ணாம்பு அடித்து மங்கிய பெயர்களுக்குப் பெயிண்ட் பூசியதும் அந்தக் கோஷ்டிதான்.

"கீழே இருந்த பேரு எங்க?"

"தப்பு என்னோடதுதான் சார்."

"அதான் தெரியுதே. ஏன்னு கேட்டேன்."

சவுரிமுத்து நகக்கண் பெயிண்டைச் சுரண்டினான். ஒரே ஒரு தடவை நிமிர்ந்து அமலராணியைப் பார்த்தான்... மழைக்கு முந்தி இருட்டிக்கொண்டு வருகிற வானம் மாதிரி கண்கள். உடனே தலையைக் குனிந்துகொண்டான்.

இவன் ஏன் என்னைப் பார்க்கிறான்... கோபத்தில் அவளுக்குக் காது மடல் சுட்டது. கோபத்தில்தானா என்று பிற்பாடு யோசித்தாள், அது வேறு விஷயம்.

சுண்ணாம்பு ஏறிப்போய் எழுத்து தெரியாமல் விட்டிருப்பான், பாவம் என்று சிலர் சமாதானம் சொன்னார்கள். லாசரஸ் காதில் அதெல்லாம் ஏறுமா? மறுநாளிலிருந்து அவரால் தெருவில் நடக்க முடியவில்லை. பைபிளில் செத்து உயிர்த்தெழுந்த லாசரஸின் பெயராகவே அவருக்கும் வாய்த்துவிட்டதா... கல்லறையிலிருந்து எழுந்து வந்தவர் சௌக்கியமா என்று வெள்ளிக்கிழமைச் சந்தையில் குசலம் விசாரித்தார்கள். மனிதர் மானஸ்தர். நேரே பங்குச் சாமியாரிடம் போய்விட்டார். அந்தப் பையன் காரணத்தைச் சொல்லட்டும், இல்லாவிட்டால் அந்தக் கோஷ்டியே இனி தோட்டத்தில் கால் வைக்கக்கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றார். சாமியார் ஞாயிறு வரை தவணை கொடுத்தார். சவுரிமுத்து அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

அமலராணிக்குத்தான் மனசு கேட்கவில்லை. கன்வென்டில் மூன்றாம் வகுப்பு டீச்சர் அவள். பஸ் ஜன்னலில் தினமும் அந்தத் தோட்டம் தெரியும். வேலைக்குப் போகுமுன் வந்து அவன் கன்றுகளுக்கு வேலி கட்டிக்கொண்டிருப்பான். அவள் பார்ப்பாள், பார்க்காதது போல் திரும்புவாள், மறுபடி பார்ப்பாள்... ஞாயிறோடு இவன் போய்விடுவானா? போகட்டுமே, எனக்கென்ன என்று சொல்லிப் பார்த்தாள். வாய் சொன்னது, மனசு கேட்டால்தானே.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் துணிந்து வாயைத் திறந்துவிட்டாள். மூன்று வருஷமாக நாம்தானே அம்மாவைப் பார்க்கப் போகவில்லை, அம்மா மேல் கிடந்த முள்ளை வெட்டியது அவர்கள்தானே என்றாள். அப்பா பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டு எழுந்து போய்விட்டார்.

ஞாயிறு பூசை முடிந்ததும் அமலராணி வீட்டுக்குப் போகவில்லை. நேரே தோட்டத்துக்குப் போனாள். கோஷ்டி கடைசிக் கன்றுகளை நட்டுக்கொண்டிருந்தது. கடப்பாரையும் கையுமாக நின்ற சௌகத் அலி, பல்லாவரத்துத் தோல் வியாபாரி மகன், அவளைக் கண்டதும் பெருமூச்சு விட்டான்.

"நீங்களாவது கேளுங்க டீச்சர். இந்தக் கல்லுங்ககூட என்னிக்காவது பேசும், இவன் பேசமாட்டான். ஒரே பேஜாரா கீது."

சொல்லிவிட்டு நாசூக்காக அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டான். அமலராணி அம்மாவின் சிலுவை முன்னால் முழங்காலிட்டாள். அப்பா பெயருக்குக் கீழே, சுண்ணாம்பின் மேல், விரலை மெதுவாக ஓட்டினாள். ஞா... ன... சௌ... விரல் திடுக்கிட்டு நின்றது. பள்ளம் பள்ளமாக ஒவ்வொரு எழுத்தும் அப்படியே இருந்தது.

"எழுத்து நல்லாத் தெரியுதே... கண்ணை மூடிக்கிட்டுப் படிக்கலாம் போலிருக்கே. அப்புறம் ஏன் எழுதல?"

சவுரிமுத்து மண்வெட்டியைக் கீழே வைத்தான். தூறல் போட ஆரம்பித்தது.

"திருநாளுக்கு முந்தின சாயங்காலம் இதே மாதிரி தூறல்... ஞாபகம் இருக்கா?"

இருந்தது. கோயில் பீடத்துக்குப் பூ வைத்துவிட்டு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடிய தூறல்.

"முதல் வரி முடிச்சிருந்தேன். நீங்க ஓடி வந்தீங்க... செருப்பு சேத்துல மாட்டிக்கிச்சு. செருப்பைத் திட்டினீங்க... அப்புறம் நீங்களே சிரிச்சுக்கிட்டீங்க." அவன் குரல் இறங்கியது. "அதுக்கப்புறம் பிரஷ்ஷைக் கழுவிட்டு வீட்டுக்குப் போயிட்டேன் டீச்சர். எழுதி முடிச்சிட்டதாவே நெனச்சேன்."

அமலராணி தன் காலிலிருந்த செருப்பைத் திரும்பிப் பார்த்தாள். ஊரே சிரித்தது, அப்பா கொதித்தது, சாமியார் தவணை கொடுத்தது... அத்தனைக்கும் காரணம் நானா? என் செருப்பா?

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே..." என்றாள்.

"உங்கப்பா பேரு சந்தி சிரிச்சதே போதும். உங்க பேரும் சிரிக்கணுமா? நாளையிலிருந்து இங்க வரமாட்டேன், அதனால சொல்லிடறேன். உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு..."

பின்னால் ஒரு செருமல்.

திரும்பினாள். சடாரென்று எழுந்தாள். அப்பா... ஒரு கையில் குடை, இன்னொரு கையில் சின்ன பெயிண்ட் டப்பாவும் பிரஷ்ஷும். மனைவி பெயரைத் தானே எழுதிவிடலாம் என்று வந்திருக்கிறார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ, முழுவதும் கேட்டிருக்கிறார் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது.

லாசரஸ் இரண்டடி முன்னால் வந்தார். முள் போன தரையைப் பார்த்தார். மனைவியின் தலைமாட்டில் நின்ற பூவரசங்கன்றைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லித் தப்பித்திருக்கலாம், அப்படிச் செய்யாமல் மகள் பெயர் கெடாமலிருக்க அத்தனை ஏச்சையும் வாங்கிக்கொண்டு நின்ற அந்த ஒடிசலான பையனையும் பார்த்தார். பிறகு டப்பாவை அவனிடம் நீட்டினார்.

"மீதியை எழுது."

மழை படாமல் சிலுவைக்கு நேராகக் குடையைப் பிடித்துக்கொண்டார். சவுரிமுத்து பிரஷ்ஷைப் பெயிண்டில் தொட்டெடுத்தான். கண் மட்டும் சிலுவைக்குப் போகாமல் அமலராணி பக்கமே போயிற்று.

"அமலா, நீ அந்தப் பக்கம் போய் நில்லும்மா. இல்லேன்னா இவன் உங்கம்மாவையும் பாதியில விட்டுட்டுப் போயிடுவான்."

அமலராணி நகரவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் குடைக்குள் வந்து அவனுக்குப் பக்கத்திலேயே முழங்காலிட்டாள்.

"நான் எங்கேயும் போறதா இல்லப்பா... என்னைப் பக்கத்துல வெச்சுக்கிட்டே எழுத, இவர் இப்பவே பழகிக்கட்டும்."