பெயர் கேட்ட படம்

ராயபுரத்துத் தோல் கிடங்கில் நான் புரொஜெக்டரை இறக்கியபோது வெளியே மத்தியான வெயில் மண்டையைப் பிளந்தது. கதவைச் சாத்தியதும் உள்ளே கும்மிருட்டு. உப்புத் தோலின் நாற்றம் மூக்கைத் துளைத்தது. மவுண்ட் ரோட்டில் சர்வதேசப் படவிழா நடந்து முடிந்த வருஷம் அது. விழாவுக்கு வந்து, திரும்பிப் போகக் கப்பலுக்குக் காத்திருந்த ஒரு படப்பெட்டியைக் கிடங்கு முதலாளி அலி அக்பர் எப்படியோ கேட்டு வாங்கி வந்துவிட்டார். சினிமாப் பைத்தியம் அவர். கதை கிடையாது, வசனம் கிடையாது, சோதனைப் படமாம். எடுத்தது யார் என்றுகூடத் தெரியாது. துறைமுகக் கூலிகளுக்கு அதைக் காட்டியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

புரியாத படமென்றால் எங்கள் பக்கம் அய்யாத்துரைதான். ஊமைப்பட காலத்திலிருந்து திரையோரம் நின்று கதை சொல்கிறவர். வெள்ளைக்காரப் பெயர் ஜனங்களின் வாயில் நுழையாது என்று, படத்தில் வருகிறவனுக்கு எதிரே உட்கார்ந்திருப்பவன் பெயரையே வைத்துவிடுவார். கொட்டகை சிரிப்பில் அதிரும். அன்றைக்கு மகள் பூமாரியையும் கூட்டி வந்திருந்தார். படத்தில் வரும் முதல் பெண்ணுக்கு உன் பெயர்தான் என்று வாக்குக் கொடுத்து முன்வரிசையில் உட்காரவைத்தார். தாயில்லாப் பிள்ளை. அவருக்கு அவள்தான் எல்லாம்.

படம் ஓடியது. வெறும் சுவர். அதன் முன்னால் முகம் தெளிவில்லாத ஒருவன்.

"இவன் நம்ம ரஷீது" என்றார் அய்யாத்துரை.

இடுப்பில் மூட்டைக் கொக்கியோடு தூணோரம் உட்கார்ந்திருந்த ரஷீது, "நம்ம மூஞ்சி சீமையில கீது பாரு நைனா" என்று தொடையைத் தட்டிச் சிரித்தான்.

திரையில் நின்றவனின் தலைமயிரைக் கண்ணுக்குத் தெரியாத ஏதோ பற்றியது. அவன் தலையைச் சுவரில் மோதியது. திரும்பவும் மோதியது.

கிடங்குக்குள் மடேரென்று ஒரு சத்தம்.

ரஷீதின் தலை தூணில் மோதிக்கொண்டிருந்தது. நாலு பேர் பிடித்தும் நிற்கவில்லை. முகம் கூழான பிறகுதான் அது அவனை விட்டது. சூடான ரத்தம் என் சட்டையில் தெறித்தது. கதவுக்கு ஓடியவர்கள் அதை அசைக்க முடியாமல் அலறினார்கள். நான் பிளக்கைப் பிடுங்கினேன்.

படம் நிற்கவில்லை.

திரையில் ஒரு பெண் நடந்து வந்து சுவரின் முன்னால் நின்றாள். அய்யாத்துரையைத் திரும்பிப் பார்த்தாள்.

பெயருக்காகக் காத்திருந்தாள்.

"எம்புள்ளையப் பாத்துக்கப்பா, மஜீது" என்று என்னிடம் கிசுகிசுத்துவிட்டு அவர் வாயைப் பொத்திக்கொண்டார். கைகள் தாமாக விலகின. தாடை திறந்தது.

"இவ... பூ..."

ரஷீதின் கொக்கி தரையில் கிடந்தது. அய்யாத்துரை அதை எடுத்துத் தன் நாக்கில் மாட்டி இழுத்தார். சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் அந்தச் சத்தம் எனக்கு இன்றைக்கும் கேட்கிறது.

ரீல் தீர்ந்தது. கதவு தானாகத் திறந்து வெயில் உள்ளே விழுந்தது. மகளின் மடியில் ரத்தம் கக்கியபடியே அவர் செத்தார். பூமாரியை என் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். என் மனைவி சாபிரா அவளைப் பெற்ற பிள்ளையாக வளர்க்கிறாள். படப்பெட்டி கப்பலேறிப் போனது. சனி தொலைந்தது என்று நினைத்தேன்.

நேற்று மத்தியானம், கப்பலில் வேலை பார்க்கும் பஷீர் என்னைப் பார்க்க வந்தான். பெல்ஜியத்தில் ஏதோ சோதனைப் படவிழாவுக்கு ஓசியில் போனானாம். சுவரின் முன்னால் ஒரு பெண் சும்மா நிற்கிறாளாம். அவனுக்குப் பழைய கதை எதுவும் தெரியாது.

"ஊமைப்படம்னாங்க மாமு. ஆனா ஒரு ஆளு தமிழ்ல பேசிகினே கீறான். லண்டன் விழாவுல பாத்த தோஸ்து, 'பூ'ன்னு மட்டுந்தான் கேட்டுச்சுன்னான். நான் பாக்கசொல்ல 'பூமா' வரிக்கும் வந்துகீது. வெள்ளக்காரன்லாம் எயுந்து நின்னு கை தட்றான். அடுத்து வேற ஊர் விழாவுக்குப் போவுதாம்."

அடுக்களையிலிருந்து சாபிரா பிள்ளையைப் பெயர் சொல்லிச் சாப்பிடக் கூப்பிட வாயெடுத்தாள். நான் ஓடிப்போய் அவள் வாயைப் பொத்தினேன்.