தகரத்தின் அந்தப் பக்கம்

எங்கள் வீட்டில் எது வேண்டுமென்றாலும் மனு எழுதிக் கொடுக்க வேண்டும்.

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. என் அம்மா எங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர். ஊரில் காய்ச்சல் பரவியதிலிருந்து ஒரு காதில் ஒரு போன், மறு காதில் இன்னொரு போன். எனக்குக் காது எங்கே மிச்சம் இருக்கிறது?

"எதுவானாலும் எழுதி வை கண்ணு, கண்டிப்பா படிக்கிறேன்" என்று சொல்லிவிட்டார்.

நானும் எழுதினேன். 'பெறுநர்: அம்மா. பொருள்: தலை பின்னிவிடுவது தொடர்பாக. அப்பா பின்னினால் பல் தேய்ப்பதற்குள் அவிழ்ந்துவிடுகிறது. ஆவன செய்ய வேண்டுகிறேன்.'

'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. ஒன்பது நாளாகப் பரிசீலனையிலேயே இருக்கிறது.

பள்ளிக்கூடம் மூடிக் கிடந்ததால், வீட்டின் முன்னறையில் இருக்கும் அம்மாவின் அலுவலகத்திலேயே நாள் முழுக்க இருந்தேன். அங்கே ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு பிளாஸ்டிக் தட்டு உண்டு. யாராவது போன் செய்து உதவி கேட்டால், அம்மாவின் உதவியாளர் ஒரு சீட்டில் குறித்து, அந்தத் தெருவின் தட்டில் போடுவார். அவருடைய சட்டைப்பை நிறைய கிளிப் இருக்கும். அதனால் அவர் எனக்குக் கிளிப் மாமா.

அன்று மதியம் அம்மா கடைசித் தெருவின் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு சீட்டுகூட இல்லை.

"காய்ச்சல் அதிகமா இருக்கிறதே அந்தத் தெருவிலதான். ஒரு போன்கூட வரலையே?"

"கேக்கலைன்னா தேவை இல்லைன்னுதானே மேடம் அர்த்தம்" என்றார் கிளிப் மாமா.

"அஞ்சு மணிக்குப் பட்டியல் போகணும். பேரு இருக்கிற வீட்டுக்குத்தான் நாளைக்கு மருந்துப் பை வரும். அதை விட்டா அடுத்த வாரம்தான்" என்றார் அம்மா. அதற்குள் இரண்டு போனும் அடித்தன.

எனக்கு மனசு கேட்கவில்லை. எங்கள் தெருவிலிருந்து மட்டும் இருபது சீட்டு. அங்கே ஒன்றுகூடவா இருக்காது?

"மாமா, நம்ம நம்பர் அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? இது காய்ச்சலுக்குன்னே வாங்கின புது நம்பர். எல்லாத் தெருவிலயும் நோட்டீஸ் ஒட்டினது யாரு? நான்தான்!" என்று தன் போனில் ஒரு படத்தைப் பெருமையாகக் காட்டினார்.

கடைசித் தெருவைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். உள்ளே இருப்பவர்கள் வெளியே வர முடியாது. வெளியே இருப்பவர்கள் உள்ளே போக முடியாது. அந்தத் தகரத்தில் நோட்டீஸ் பளபளவென்று ஒட்டியிருந்தது. பக்கத்தில் கிளிப் மாமா சிரித்துக்கொண்டு நின்றார்.

படத்தை உற்றுப் பார்த்தேன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"மாமா, நீங்க தகரத்துக்கு வெளிய நிக்கிறீங்க!"

"பின்னே? உள்ளதான் போகக் கூடாதே. சும்மா இரு பாப்பா, வேலை தலைக்கு மேல கிடக்கு" என்று அவர் அடுத்த போனை எடுத்துவிட்டார்.

அம்மாவைக் கூப்பிட்டேன். போனில் பேசிக்கொண்டே கையை மட்டும் ஆட்டினார். மணி மூன்றரை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சட்டென்று ஒரு சீட்டை எடுத்து எழுதினேன். 'பொருள்: கடைசித் தெரு. நோட்டீஸ் தகரத்தின் வெளிப்பக்கம் இருக்கிறது. மக்கள் உள்பக்கம் இருக்கிறார்கள்.' அதைக் கடைசித் தெருவின் தட்டில் போட்டு, தட்டை அம்மாவின் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

அம்மா படித்தார். இரண்டு போனையும் கீழே வைத்தார்.

"அடக் கடவுளே! நாம ஒட்டினதை நாமளே படிச்சுக்கிட்டு இருக்கோம்!"

கிளிப் மாமா படத்தை மறுபடி பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"உள்ள போய் ஒட்டவும் முடியாது. இப்ப என்ன பண்றது?" என்றார் அம்மா.

"தேர்தலப்போ ஓட்டு கேட்டு மைக் வண்டி போச்சேம்மா? அந்தக் குரல் அப்போ எங்க ஸ்கூல் வரைக்கும் கேட்டுச்சு."

அம்மா ஓடிப்போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

கால் மணி நேரத்தில் வண்டி தகரத்தின் முன்னால் நின்றது. அம்மா, கிளிப் மாமா, நான் மூன்று பேரும் முகக்கவசம் போட்டிருந்தோம். மைக் என் கைக்கு வந்தது.

"கடைசித் தெருவில இருக்கிற எல்லாருக்கும் வணக்கம்! பயப்படாதீங்க, ஓட்டு கேட்டு வரல! மருந்து வேணும்னா இந்த நம்பருக்குப் பேசுங்க..."

ஜன்னல்கள் படபடவென்று திறக்கும் சத்தம் கேட்டது. தகரத்துக்குப் பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்:

"பாப்பா, மெதுவாச் சொல்லும்மா! பென்சில் தேடுறேன்!"

மெதுவாகச் சொன்னேன். ஐந்து முறை சொன்னேன்.

"இப்படி ஒரு நம்பர் இருக்கா?" என்றது ஒரு பெண் குரல். "என் பையனுக்கு மூச்சிரைப்பு. கையில இருக்கிற மருந்து இன்னும் ரெண்டு நாளைக்குத்தான் வரும். யாரைக் கேக்கிறதுன்னே தெரியாம தவிச்சுக்கிட்டு இருந்தேன்."

அம்மா தகரத்தின் அருகே போனார். "தப்பு எங்க மேலதான்மா. மன்னிச்சுக்கோங்க. எந்த வீடு, சொல்லுங்க" என்று கேட்டு, தன் கையாலேயே முதல் சீட்டை எழுதினார்.

வீட்டுக்குத் திரும்பினால் போன் அலறிக்கொண்டிருந்தது. ஐந்து மணிக்குள் கடைசித் தெருவின் தட்டில் முப்பத்தொரு சீட்டு. கிளிப் மாமாவிடம் கிளிப்பே தீர்ந்துவிட்டது. அவர் பட்டியலை எடுத்துக்கொண்டு பறந்தார்.

அப்போது அம்மா மேசை இழுப்பறையைத் திறந்து, ஒன்பது நாளான என் மனுவையும் ஒரு சீப்பையும் எடுத்தார்.

"இங்க வந்து உக்காரு கண்ணு."

ஆனால் போன் விடுமா? அதைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, "சொல்லுங்க, கேக்குது" என்று பேசியபடியே பின்னினார். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். கடைசியில் மனுவின் மேல் 'ஆவன செய்யப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

ஓடிப்போய்க் கண்ணாடியில் பார்த்தேன். ஒரு பின்னல் காதுக்கு மேலே இருந்தது. இன்னொன்று கழுத்துக்குக் கீழே இருந்தது.

அதற்கு நான் மனு எதுவும் எழுதவில்லை.