தட்டினா ஓடி வர்றேன்

ஸ்டார் மாமா ஒரு விடுதிக்குள் நுழைகிறார் என்றால், வரவேற்பு மேஜையில் இருப்பவர் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்வது நல்லது.

பெயர் வைத்தது குடும்பத்துப் பிள்ளைகள். நட்சத்திரக் கணக்கு இல்லாமல் அவர் வாயிலிருந்து ஒரு பேச்சு வராது. கல்யாண மண்டபம் மூன்று ஸ்டார். சம்பந்தி வீட்டுக் கழிவறை இரண்டரை. மாநகரத்திலும் அதன் புறநகரிலும் எங்கே தங்கலாம், எங்கே செருப்பைக் கழற்றாமல் திரும்பிவிட வேண்டும் என்று சொந்தபந்தமும் அலுவலகமும் அவரைத்தான் கேட்கும். ‘ரயில் நிலையம் அருகில்’ என்று போட்டிருந்தால் ரயில் உன் தலைமாட்டில் ஓடும். ‘அமைதியான சூழல்’ என்றால் அங்கே ஆட்டோ வராது. ‘குடும்பப் பாங்கானது’ என்றால் வெந்நீர் வராது. அலுவலகத்தில் ஒருவர் இதையெல்லாம் நோட்டுப் போட்டு எழுதியே வைத்திருந்தார். அறை எடுக்குமுன் மாமா முப்பது கேள்விகள் கேட்பார். “என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பகூட இவ்வளவு கேக்கல” என்பாள் அவர் மனைவி.

இருபத்தொன்பது கேள்விகள் வெறும் ஜம்பம். முப்பதாவதுதான் நிஜம். அதை மட்டும் குரலைத் தாழ்த்தி, போகிற போக்கில் கேட்பார்.

“கடைசி ரூம் இருக்கா? பக்கத்துல வேற ரூம் இல்லாத மாதிரி?”

அன்று மதியம் மூன்று மணிக்கு அந்தக் கேள்விக்கே இடமில்லாமல் போனது. விடுதியைத் தேர்ந்தெடுத்தது அவர் இல்லை. அவருடைய அக்கா மகள்.

அவளுக்கு மறுநாள் காலை புறநகரில் வேலைக்கான நேர்காணல். “ஊருக்கெல்லாம் நீங்க ரூம் பாத்துக் குடுக்கறீங்க. உங்களுக்கு நான் ஒரு தடவ பாக்கறேன். சும்மா கூட வாங்க மாமா, போதும்” என்று கேட்டிருந்தாள். தாயில்லாப் பெண், மறுக்க வாய் வரவில்லை. டாக்ஸி மேம்பாலம் தாண்டி, டயர் கடைகளும் இரும்புக் கிடங்குகளும் வரத் தொடங்கியபோதே அவர் ஜன்னல் கண்ணாடியை இறக்கி வெளியே எட்டிப் பார்த்தார். வண்டி நின்றது. கண்ணாடிக் கதவு, பிளாஸ்டிக் செடி, மோட்டார் போட்டு ஒழுகவிட்ட ஓர் அருவி. பெயர்ப்பலகையும் புதிது. ஆனால் பக்கவாட்டில் ஏறுகிற படிக்கட்டு பழையது. மூன்றாவது படியின் மூலை உடைந்திருக்கும்.

உடைந்திருந்தது.

“அம்மா கடைசியா இருந்த எடம்” என்றாள் அவள், பையைத் தோளில் ஏற்றியபடி. “நான் பாத்ததே இல்லையே மாமா. அதே ரெண்டு ரூம்தான் வேணும்னு போன்ல சொல்லிட்டேன். பன்னெண்டு அம்மாவோடது. பதினொண்ணு உங்களோடது.”

“பதினொண்ணா?”

“என்ன மாமா, நீங்க படுத்திருந்த ரூம் உங்களுக்கே மறந்துபோச்சா?”

“சேச்சே. பதினொண்ணு. ஆமா, பதினொண்ணுதான்.”

பதினோராம் எண் அறையின் வாசலை அவர் ஒருநாளும் மிதித்ததில்லை.

மேஜைக்குப் பின்னால் அதே மேனேஜர். அன்று பனியனோடு இருந்த மனிதர் இன்று டை கட்டியிருந்தார். கழுத்துவரை பதவி உயர்வு வந்திருந்தது. வயிறு இன்னும் லாட்ஜ்காரராகவே இருந்தது. நிமிர்ந்து மாமாவைப் பார்த்தவர், “சார் நம்ம பழைய...” என்று தொடங்கிப் புருவத்தைச் சுருக்கினார். “இல்லல்ல. தங்கினதில்ல. வந்திருக்கீங்க.”

“பழைய கஸ்டமர்தான்” என்று மாமா குறுக்கே விழுந்தார். “சாவியக் குடுங்க.”

ஒரு கேள்வியும் கேட்காமல் ஸ்டார் மாமா சாவி வாங்கியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. மேனேஜர் சாவியை நீட்டியபடி பார்த்தார். ஒன்பது வருடத்துக்கு முன்பு பார்த்த அதே பார்வை.

அப்போது அவர் ஸ்டார் மாமா ஆகியிருக்கவில்லை. ஆகிக்கொண்டிருந்தார். நகரத்தின் நடுவே ஒரு பெரிய ஹோட்டலில் நிறுவனம் அவருக்குக் கேடயம் கொடுக்க இருந்தது. மாமனார் வீட்டார் பட்டுடுத்தி வந்திருந்தார்கள். மேலதிகாரிகள் மனைவிமாரோடு வந்திருந்தார்கள். தம்பிக்குக் கேடயம் என்று காதில் விழுந்ததும், சொல்லாமல் கொள்ளாமல் அக்காவும் பஸ் ஏறி வந்து நின்றுவிட்டாள். சட்டைகளுக்குப் பித்தான் தைத்தே அவரைப் படிக்கவைத்தவள். ஊசி குத்தாமலிருக்க நடுவிரலில் மாட்டுகிற இரும்புத் தொப்பியைத் தூங்கும்போதுகூடக் கழற்ற மறந்துவிடுவாள். அவள் பக்கத்தில் நின்றால் தையல் மெஷின் எண்ணெய் வாசனை வரும். காலில் ரப்பர் செருப்பு.

அந்தச் செருப்பு அந்த ஹோட்டல் கம்பளத்தின் மேல் பட்பட்டென்று நடந்து வருவதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

“விழாவுக்கு வெளியாள விட மாட்டாங்கக்கா” என்று சொல்லி, புறநகரில் இந்த லாட்ஜுக்குக் கூட்டிவந்தார். “நான் தலையக் காட்டிட்டு ஒம்பது மணிக்கெல்லாம் வந்துடுவேன். எனக்குப் பக்கத்து ரூம்தான். ஏதாவதுன்னா சுவத்துல மூணு தட்டு தட்டு. ஓடி வர்றேன்.”

நான் வெளியாளா என்று அக்கா கேட்கவில்லை. “தட்டினா எந்திரிச்சிடுவியாக்கும்? தூங்கினா நீ எரும மாடாச்சே” என்று சிரித்தாள்.

அவர் எடுத்தது ஒரே ஓர் அறை. டாக்ஸி பிடித்து நகரத்துக்குப் போனவர் அன்றிரவு திரும்பவில்லை, விழாவுக்காக அணைத்த போனைக் காலையில்தான் திறந்தார். கேடயத்தோடு ஓடிவந்தபோது மேனேஜர் அந்த உடைந்த படியில் நின்றிருந்தார். மேலே அக்கா, சுவரை ஒட்டித் தரையில் கிடந்தாள். மாரடைப்பு என்றார்கள்.

“பக்கத்து ரூம்லதான் இருந்தேன். ஒரு சத்தமும் கேக்கல” என்று உறவுக்கெல்லாம் சொன்னார். கூட இருந்த தம்பி என்று அவரைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். சாவு வீட்டில் அவருக்குத்தான் முதல் மரியாதை. அன்று லாட்ஜ் வாசலில் அதைக் கேட்டு நின்ற மேனேஜர் மட்டும் அவரையே பார்த்தார். அவள் தட்டினாளா? அந்த அறை காலி என்று அவளுக்குத் தெரிந்ததா? முப்பது கேள்வி கேட்கத் தெரிந்த மனிதர் அந்த இரண்டை இன்றுவரை யாரிடமும் கேட்டதில்லை.

நாற்பது நாள் கழித்து வேறோர் ஊரில், வேறொரு விடுதியில், பட்டப்பகலில் சாக்ஸ் மாட்டிக்கொண்டிருந்தபோது முதன்முதலாகக் கேட்டது.

டொக். டொக். டொக்.

விரல் மூட்டுச் சத்தமில்லை. இரும்புச் சத்தம். பக்கத்து அறை பூட்டிக் கிடந்தது. விடுதியை மாற்றினார், சத்தமும் கூடவே வந்தது. அன்று தொடங்கியதுதான் அவருடைய நிபுணத்துவம். ஒருமுறை ஆறாவது மாடியில், இரண்டு பக்கமும் வெளிச்சுவர் உள்ள மூலை அறையாகப் பார்த்து எடுத்தார். வெளிச்சுவரில் தட்டியது. அந்தப் பக்கம் ஆகாயம்தான் இருந்தது.

அந்த ஹோட்டலுக்கு அவர் ஒரே ஒரு ஸ்டார் கொடுத்தார்.

பதினோராம் அறையில் பினாயில் நெடி. அதற்கு அடியில் ஈரச்சுவரின் வாடை. அக்கா மகள் வாசற்படியில் நின்று சுற்றிலும் பார்த்தாள்.

“அப்ப கட்டில் எந்தப் பக்கம் கெடந்துச்சு மாமா?”

“இதே பக்கந்தான்.”

“ஜன்னல்?”

“ஜன்னலும் இதே பக்கந்தான்.”

“ஜன்னல் எங்க மாமா போகும்?” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் சிரிப்பு இல்லை. “நான் கொஞ்சம் படிக்கறேன். ஏதாவதுன்னா தட்டறேன், சரியா?”

அவள் போனதும் அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். இரண்டு அறைக்கும் நடுவிலிருந்த சுவரில் புதுப் பெயிண்ட். கீழே, தரையை ஒட்டி, பெயிண்ட்டுக்கு அடியில் பயறு பயறாகப் புடைத்திருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து எதையோ வைத்துக் குத்தியதுபோல. எண்ணிப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. தோன்றாமல் பார்த்துக்கொண்டார்.

கால் மணி நேரம் போயிருக்கும்.

டொக். டொக். டொக்.

உடம்பு தூக்கிப்போட்டது. அடுத்த கணமே மூச்சு விட்டார். அந்தப் பக்கம் இருப்பது உயிருள்ள பெண். அவள்தான் சொன்னாளே, தட்டுவேன் என்று.

“என்ன பாப்பா?” என்று குரல் கொடுத்தார்.

போன் அடித்தது.

“மாமா, கீழ காபி பரவால்ல. உங்களுக்கு ஒண்ணு வாங்கிட்டு வரட்டா?”

“நீ... நீ ரூம்ல இல்லையா?”

“ரூமப் பூட்டிட்டு அப்பவே கீழ வந்துட்டேனே.”

போன் அவர் காதிலேயே இருந்தது.

டொக். டொக். டொக்.

நிற்கிற ஆள் தட்டும் உயரத்தில் இல்லை. தரையை ஒட்டி. கீழே விழுந்து கிடக்கிற ஒருத்தியின் கை எட்டுகிற உயரத்தில்.

மெஷின் எண்ணெய் வாசனை வந்தது.

ஒன்பது வருடமாக இந்தச் சத்தம் கேட்டதும் அவர் செய்தது ஒன்றே ஒன்றுதான்: பெட்டியைக் கட்டுவது. இன்று பெட்டி எடுக்கக் கால் வரவில்லை. பல நட்சத்திர மெத்தைகளை அமுக்கிப் பார்த்துக் குறை சொன்ன உடம்பு, வெறும் தரையில் மண்டிபோட்டது. சுவரில் கன்னத்தை வைத்தார். சுவர் சில்லென்றிருந்தது.

“அக்கா” என்றார். குரல் குழந்தைக் குரலாக வந்தது. “நான் இங்க இல்லக்கா. அன்னிக்கு நான் இந்த ரூம்லயே இல்ல. உன்னக் கூட்டிட்டுப் போக எனக்கு வெக்கமா இருந்துச்சு. உன் செருப்பப் பாத்து எனக்கு... வெக்கமா இருந்துச்சுக்கா.”

சத்தம் நின்றது.

பின்னால் கதவுப் பக்கம் யாரோ மூச்சு விட்டார்கள். திரும்பினார். அக்கா மகள், இரண்டு கையிலும் காபி டம்ளரோடு.

மண்டிபோட்ட கோலத்தில் இருந்து எழுந்திருக்கவும் அவருக்குத் தோன்றவில்லை.

“தெரியும் மாமா” என்றாள் மெதுவாக.

“மேனேஜர் சொன்னாரா?”

“அம்மாவே சொன்னா. அன்னிக்கே எனக்குப் போன் பண்ணா. ‘தட்டித் தட்டிப் பாத்தேன், மாமா இல்ல. மேனேஜரக் கேட்டா அந்த ரூம யாரும் எடுக்கவே இல்லங்கறாரு. நீ யார்கிட்டயும் மூச்சு விட்டுடாத. நாலு பேருக்குத் தெரிஞ்சா அவனுக்குத் தலைகுனிவாப் போயிடும்’னா.”

மாமா தரையைப் பார்த்தார். அடி வாங்கியிருந்தால் தேவலை என்றிருந்தது.

“நெஞ்சு எரியுதுன்னும் சொன்னா. சோடா குடிச்சிட்டுப் படும்மான்னு சொல்லிட்டு நான் தூங்கிட்டேன்” என்றாள். “அதான் நானும் இத்தன வருஷமா வாயத் தொறக்கல. உங்களக் கேட்டா, உனக்குந்தான் சொன்னாளே, நீ என்ன பண்ணுனன்னு என்னக் கேப்பீங்களே. நீங்களா சொல்றீங்களான்னு பாக்கத்தான் இங்க கூட்டிட்டு வந்தேன்.”

“பாப்பா...”

“காபி ஆறுது. குடிங்க” என்று டம்ளரை அவர் பக்கத்தில் தரையிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

அதன்பிறகு சத்தமே இல்லை. விடியும்வரை விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருந்தார். ஒரு தட்டல் இல்லை.

காலை ஒன்பது மணிக்கு அவள் நேர்காணலுக்குக் கிளம்பினாள். முகம் பார்க்காமலேயே, “சாவியக் கீழ குடுத்துட்டுப் போறேன் மாமா. மத்தியானம் வந்ததும் ஊருக்குக் கெளம்பிடலாம்” என்றாள். மாமா வாசலில் நின்று பார்த்தார். நடையில் பன்னிரண்டாம் எண்தான் கடைசி அறை. அதற்கப்பால் சுவர். கதவில் பூட்டு தொங்கியது. நடையின் ஜன்னல் கண்ணாடி வழியாகக் காலை வெயில் தரையில் நீளமாக விழுந்திருந்தது.

உள்ளே வந்து கதவைத் தாழிட்டார்.

எத்தனை விடுதிகளில், எத்தனை கேள்வி கேட்டு அவர் தேடிய அமைதி. இப்போது ஐந்து ஸ்டார் அமைதி. அவரால் அதில் இருக்க முடியவில்லை. அக்கா கேட்டுவிட்டாள், கேட்டதும் போய்விட்டாள். இனிமேல் தட்டுவதற்கு அவளுக்கு என்ன இருக்கிறது? பக்கத்து அறையில் தம்பி இல்லை என்று அவன் வாயாலேயே சொல்லியாகிவிட்டது.

தனியாக இருப்பது எப்படியிருக்கும் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

ஏன் செய்தார் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. தரையில் உட்கார்ந்தார். அந்தப் புடைப்புகளுக்கு நேராகக் கையைத் தூக்கினார்.

மூன்று தட்டு தட்டினார்.

ஒன்றுமில்லை.

பிறகு, பூட்டிய அறைக்குள் கட்டில் கிறீச்சிட்டது.

யாரோ பதறி எழுந்தார்கள்.

பட் பட் பட் பட். ரப்பர் செருப்பு. ஓடி வருகிற செருப்பு. கதவு திறந்த சத்தம் இல்லை, பூட்டு விழுந்த சத்தம் இல்லை. அறையிலிருந்து நடைக்கு வந்தது, நடையைக் கடந்தது, அவர் கதவுக்கு வெளியே வந்து நின்றது.

கதவின் அடியில் கோடாகத் தெரிந்த வெயிலில் இரண்டு கறுப்புத் துண்டுகள், பக்கம் பக்கமாக. மூச்சிரைத்தது. எண்ணெய் வாசனை அறைக்குள் நிறைந்தது.

தாழ்ப்பாளில் கையை வைத்தார் மாமா. திறக்கப் பயமில்லை. காட்டத்தான் முகமில்லை.

“கூப்பிட்டியா தம்பி?”