ஆளில்லாத இஞ்சின்

வரிப்பத்தான்சேனையைத் தாண்டும்போதே பின்னேர அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் பள்ளியை விட்டு இறங்கிக்கொண்டிருந்தார்கள். வயல்களில் அறுவடை முடிந்து வைக்கோல் மணத்தது. அந்த மணத்தோடு வந்த காற்று, கரும்பு ஆலை வாசலில் யாரோ கதவைச் சாத்தியதுபோல் நின்றுபோனது.

ஜவாத் மோட்டார் சைக்கிளை நிறுத்தினான். பின்னால் இருந்த ஸஜாத் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். ஸஜாத் மருதமுனைக்காரன், ஜவாத்தின் தங்கச்சி புருஷன். இரும்பு வெட்டுவது அவன் தொழில்.

"இதுதானா மச்சான் உன்ட பேய் வண்டி?" என்று சிரித்தான்.

ஜவாத் சிரிக்கவில்லை.

ஆலைக்குள் கரும்புப் பெட்டிகளை இழுக்க இருந்த பழைய டீசல் இஞ்சின் அது. ஒரு காலத்தில் சாரதிகள் ஏறி ஓட்டினார்கள். பிறகு நிருவாகம் அதை ரிமோட்டில் ஓடும்படி மாற்றியது. சாரதி அறைக்குள் மின்சாதனங்கள் நிறைந்த இரும்பு அலுமாரி ஒன்றை வைத்து, கதவை வெல்டிங் அடித்து மூடினார்கள். சாரதிகள் வீட்டுக்குப் போனார்கள். ஜவாத் நெஞ்சில் ஒரு ரிமோட் பெட்டியைத் தொங்கவிட்டுக்கொண்டு, தண்டவாளத்தோரமாக நடந்து நடந்து, ஆளில்லாத அந்த வண்டியை மாடு மேய்ப்பதுபோல் வருடக்கணக்காக மேய்த்தான்.

இப்போது அந்த வேலைக்கு ட்ராக்டர்கள் வந்துவிட்டன. இஞ்சினை கல்முனை இரும்புக்கடை ஜவுபர் ஹாஜியார் வாங்கிவிட்டார். கொட்டகையிலிருந்து தண்டவாளம் முடியும் இடம்வரை அதைக் கடைசியாக ஒருமுறை ஓட்டிக் கொண்டுவர வேண்டும். அங்கேதான் லொறி வர முடியும். அதற்குத்தான் ஜவாத்தைக் கூப்பிட்டிருந்தார்கள்.

அவன் வர விரும்பவில்லை. அந்த வண்டி சில நாட்களில் அவன் சொல்லாமலே நிற்கும். ஏன் நின்றது என்று பார்த்தால், தண்டவாளத்தில் ஒரு ஆடு படுத்திருக்கும், அல்லது கூலிக்காரி ஒருத்தி குனிந்து கரும்பு பொறுக்கிக்கொண்டிருப்பாள். வளைவுக்கு அப்பால் இருப்பதை ஜவாத்தே பார்த்திருக்க மாட்டான். என்ஜினியர்மார் சிக்னல் கோளாறு என்றார்கள். அவனும் ஓம் என்று தலையாட்டிவிட்டான்.

அந்த வண்டியில் யாரும் செத்ததில்லை. அதையும் அவன் விசாரித்து வைத்திருந்தான்.

ஸஜாத் தண்டவாள முடிவுக்குப் போனான். கேஸ் சிலிண்டர்களையும் ஜெனரேட்டரையும் லொறிக்கார ஸிராஜ் காலையிலேயே இறக்கி வைத்துவிட்டுப் போயிருந்தான். இஞ்சின் தாண்டி ஓடாமலிருக்கத் தண்டவாளத்துக்குக் குறுக்கே ஒரு இரும்புத் துண்டை வெல்டிங் அடித்து ஒட்ட வேண்டியிருந்தது.

கொட்டகைக்குள் எண்ணெயும் வௌவால் எச்சமும் நாறின. ஜவாத் பெட்டியை மாட்டி விசையைத் திருப்பினான். மாதக்கணக்காகக் கிடந்த இஞ்சின் இருமியது, கரும்புகை கக்கியது, ஓடத் தொடங்கியது. அவன் பக்கத்தில் நடந்தான்.

வெளிச்சத்துக்கு வந்ததும் சாரதி அறையின் கண்ணாடியைப் பார்த்தான். உள்பக்கமெல்லாம் புழுதி படிந்து மண்ணிறமாக இருந்தது.

நடுவில் ஒரு இடம் மட்டும் துடைத்திருந்தது.

ஒரு முகம் வெளியே பார்க்கப் போதுமான அளவு.

ஜவாத்தின் வாய் தானாக, குர்ஆனின் காவல் வசனமான ஆயத்துல் குர்ஸியை ஓதத் தொடங்கியது. கால்கள் நடந்துகொண்டே இருந்தன. வண்டிக்குள்ளிருந்து ஒரு வாடை வந்தது. டீசல் வாடை இல்லை. வேர்த்த சட்டை வாடை, வேலை முடிந்து வரும் ஆம்பிளையின் வாடை.

வளைவில் இஞ்சின் வேகமெடுத்தது.

அவன் வேகத்தைக் கூட்டவில்லை. விரல் விசையிலேயே இல்லை. நிறுத்தும் பொத்தானை அழுத்தினான். மறுபடியும் அழுத்தினான். இஞ்சின் கேட்கவில்லை.

வளைவு திரும்பியதும் ஸஜாத் தெரிந்தான். தண்டவாளத்துக்கு நடுவில் முழங்காலில் இருந்தான். முதுகு இந்தப் பக்கம். முகத்தில் வெல்டிங் மூடி. பக்கத்தில் ஜெனரேட்டர் காது கிழியக் கத்திக்கொண்டிருந்தது.

"மச்சான்! எழும்பு மச்சான்!"

அவனுக்குக் கேட்கவில்லை.

ஜவாத் பெட்டியின் பெட்டரியைப் பிடுங்கி எறிந்தான். பெட்டி செத்தால் இஞ்சின் தானாக நிற்க வேண்டும். அப்படித்தான் அதைச் செய்திருந்தார்கள்.

நிற்கவில்லை.

பெட்டியைக் கழற்றி வீசிவிட்டு ஓடினான். வண்டியை முந்த முடியாது என்று தெரிந்தது. ஏணிக் கம்பியைப் பிடித்துத் தொங்கி ஏறினான். கதவு வெல்டிங் அடித்த கதவு. கண்ணாடியில் கையால் அறைந்தான். உள்ளே இருட்டு. தங்கச்சியின் முகம் கண்ணுக்குள் வந்தது. தான் என்ன செய்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல், சாரதி ஒருவரை அண்ணன் முறை சொல்லிக் கூப்பிடுவதுபோல் கத்தினான்.

"ஆள் நிக்காரு! முன்னால ஆள் நிக்காரு! பிரேக்கப் புடிங்க காக்கா!"

துடைத்த இடத்துக்குள் ஏதோ அசைந்தது. பழைய பிரேக் கைப்பிடி மெதுவாகக் கீழே இறங்கியது.

சக்கரங்கள் கிறீச்சிட்டன. இஞ்சின் குலுங்கி நின்றது.

அந்த அதிர்வு முழங்காலில் ஏறித்தான் ஸஜாத் திரும்பினான். இரும்பு மூக்கு அவன் தோளுக்குக் கிட்ட நின்றது. அப்படியே மண்ணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். ஜவாத் போய் ஜெனரேட்டரை நிறுத்தினான். பொழுது சாய்ந்து, மஃரிபு பாங்கு தூரத்தில் கேட்டது.

"கடைசியா நிப்பாட்டிட்டாய்தானே" என்றான் ஸஜாத். "அல்ஹம்துலில்லாஹ்."

"நான் நிப்பாட்டல்ல."

"அப்ப?"

 அன்றைக்கு இரண்டு பேரும் வேலையைத் தொடாமல் வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் நல்ல வெயிலில்தான் கதவை வெட்டினார்கள். உள்ளே அலுமாரி இருந்தது, சிலந்தி வலை இருந்தது. தரைப் புழுதியில் ஒரு காலடிகூட இல்லை. ஸஜாத் குனிந்து பிரேக் கைப்பிடியின் அடியைப் பார்த்தான். ரிமோட் பொருத்திய காலத்திலேயே பிரேக் குழாயை அறுத்துவிட்டிருந்தார்கள். கைப்பிடி எதனோடும் இணைந்திருக்கவில்லை. ஆனால் பிடி மட்டும் துருவில்லாமல், தினமும் உள்ளங்கை பட்ட பித்தளைபோல் மினுங்கியது.

ஸஜாத் கட்டரை அணைத்தான். "மச்சான், இது என்னைக் கொல்ல வந்திச்சா, காப்பாத்த வந்திச்சா?"

"தெரியா" என்றான் ஜவாத். "எனக்கிட்ட அது ஒருநாளும் கதைச்சதில்ல. நேத்துத்தான் நான் கதைச்சன்."

"பொறகு ஏன் வெட்டச் சொல்ற?"

"விட்டா வேற யாராவது வெட்டுவான். வண்டி பாய்ஞ்சா உள்ள இரிக்கிறவரக் கூப்பிட வேணுமெண்டு அவனுக்குத் தெரியாது."

பிஸ்மி சொல்லி ஸஜாத் மறுபடியும் நெருப்பு மூட்டினான். இரும்பு அழுததுபோல் ஒரு சத்தம் வந்தது. எல்லா இரும்பும் அப்படித்தான் கத்தும் என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். முதலில் சாரதி அறை துண்டானது. நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு ஸிராஜ் வந்து அதை லொறியில் ஏற்றிக்கொண்டு கல்முனைக்குப் புறப்பட்டான். புழுதி அடங்கும்வரை ஜவாத் வாசலில் நின்று பார்த்தான். நெஞ்சிலிருந்த பாரம் முதல்முறையாக இறங்கியதுபோல் இருந்தது. மிச்ச வெட்டு வேலையில் ஒரு மணிநேரம் போனபிறகு, இருவரும் வேப்பமர நிழலில் இருந்து சோற்றுப் பார்சலை அவிழ்த்தார்கள்.

போன் அடித்தது. ஸிராஜ்.

"ஜவாத் காக்கா, இரும்புக்கு மேல ஒரு ஆள ஏத்தி விட்டிரிக்கீங்களே, அவரு எங்க இறங்கணும்?"

ஜவாத்தின் கையிலிருந்த சோறு பார்சலிலேயே விழுந்தது.

"நாங்க யாரையும் ஏத்தல்ல."

"பகிடி உடாதீங்க காக்கா. சம்மாந்துறையிலருந்து கண்ணாடியில பாத்துட்டுத்தானே வாறன். வெயில்ல இரிக்காரு பாவம். அதான் காரைதீவுச் சந்தியில ஓரமா நிப்பாட்டினன்."

"ஸிராஜ். நான் சொல்றதக் கேளு. லொறிய விட்டு இறங்கி நட. திரும்பிப் பாக்காத."

அந்தப் பக்கம் பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது கேட்டது. ஸிராஜின் மூச்சு கேட்டது. பிறகு, பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்கக்கூடாது என்பதுபோல், தாழ்ந்த குரலில் சொன்னான்.

"அவரு கீழ இறங்கிட்டாரு காக்கா. என்ட கதவுக்கிட்ட நிக்காரு."

"ஸிராஜ்..."

"என்னைக் கொஞ்சம் தள்ளி இருக்கச் சொல்றாரு. லொறிய அவரு ஓட்டுறாராம்."