தனக்கோடி மீது ஒரு பிராது

"அம்மா, உன்கூட இன்னொருத்தங்க தைக்கிறாங்களே, அவங்க யாரு?"

ஆறு வயது அன்புக்கரசி, திட்டக்குடியில் இருந்த தன் மாமாவின் செல்போனிலிருந்து கேட்ட கேள்வி இது. அது 2008ஆம் வருடம். தீபாவளிக்குப் பதினைந்து நாள் இருந்தது.

மதிவதனி அப்போது தைத்துக்கொண்டிருக்கவில்லை. கரண்ட்டு போய் அரை மணி நேரமாகியிருந்தது. ஒரு ரவிக்கைக்குக் கையால் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். தெருவில் ஏதாவது சத்தமாக இருக்கும் என்று சொல்லிவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டாள். குழந்தை விடவில்லை.

"இல்லம்மா. உன் பக்கத்துலயே கேக்குது. தடக், தடக்னு."

போனை வைத்த பிறகுதான் அவளுக்கும் அது கேட்டது.

பின்அறையிலிருந்து.

விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிகளை ஒட்டிய அந்தத் தெருவுக்கு அவள் குடிவந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கணவன் வேப்பூர் அருகே லாரி மோதி இறந்த பிறகு, இரண்டு வருடம் அண்ணன் வீட்டில் இருந்தாள். அண்ணன் கெட்டவர் இல்லை. ஆனால் அந்த வீட்டில் ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்கவும் அண்ணியின் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. கடைசியில் அண்ணன் ஒரு கெடு வைத்தார். தீபாவளிக்குள் சொந்தமாகத் தைத்து நிலைத்துவிட்டால் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போகலாம். முடியாவிட்டால் கடையை மூடிவிட்டுத் திரும்பி வந்துவிட வேண்டும்.

அவளிடம் முப்பத்திரண்டு ரவிக்கைக்குத் துணி வந்திருந்தது. எல்லாம் பீங்கான் கம்பெனிப் பெண்களுடையவை. ஆனால் அவளுடைய மிஷின் மேஜைமேல் வைத்து மோட்டாரில் ஓட்டுவது. ஊருக்கெல்லாம் பீங்கானில் ப்யூஸ் கட்டை செய்து அனுப்பும் தெருவில் தினமும் மத்தியானம் கரண்ட்டு போனது. அந்த நேரத்தில் நூல் வாங்கவும் அளவெடுக்கவும் வெளியே போய்விடுவாள். அன்றைக்குத்தான் வீட்டில் இருந்தாள்.

பின்அறையில் ஒரு பழைய கால் மிஷின் கிடந்தது. முன்பு குடியிருந்தவருடையது, இடைஞ்சல் இல்லையென்றால் அங்கேயே கிடக்கட்டும் என்று வீட்டுக்காரர் கோதண்டபாணி சொல்லியிருந்தார். குடிவந்த அன்று அவள் அதைத் தூசி தட்டிப் பார்த்தாள். சக்கரத்தில் பெல்ட்டு இல்லை. பெல்ட்டு இல்லாமல் எவ்வளவு மிதித்தாலும் ஊசி இறங்காது.

தடக். தடக். தடக்.

அவசரமில்லாத, பழகிய காலின் மிதி. நடுவில் ஒரு சின்ன இருமல். பிறகு மறுபடியும் மிதி.

எழுந்து போனாள். கதவுக்கு அப்பால் ஈரக் களிமண் வாசனை வந்தது. கம்பெனியில் மண் கரைக்கும் தொட்டி ஓரம் நின்றால் வரும் அதே வாசனை. கதவை ஒரு விரல் அளவு தள்ளினாள்.

ஜன்னல் வெளிச்சத்தில் மிஷின் நின்றது. அதன் முன்னால் யாரும் இல்லை.

இரும்பு மிதிப்பலகை மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

அதன்மேல் வெள்ளை மண்ணில் பதிந்த இரண்டு பாதச் சுவடுகள். சின்ன, ஒல்லியான பாதங்கள்.

அவள் மூச்சை இழுத்த சத்தத்தில் பலகை நின்றது.

யாரோ திரும்பிப் பார்ப்பதுபோல இருந்தது.

எதிர்வீட்டுக் கொளஞ்சியம்மாள், பீங்கான் பொம்மைகளுக்குக் கண் வரைகிற வேலை செய்பவள். பேச்சில் யாரையும் விடமாட்டாள். ஓடிவந்து நின்ற மதிவதனியைப் பார்த்ததும் தூரிகையைக் கீழே வைத்தாள். முதலில் சிரிக்கத்தான் பார்த்தாள். "உசுரோட இருக்கறவளே ஒழுங்கா தச்சிக் குடுக்க மாட்டேங்கறா. செத்தவ தைக்கிறாளாக்கும்" என்றாள். பிறகு அவள் குரல் இறங்கிவிட்டது.

அந்த வீட்டில் இருந்தவள் தனக்கோடி. பகலெல்லாம் கம்பெனியில் மண் கரைப்பாள். வந்ததும் மிஷினில் உட்காருவாள். சொந்தம் என்று யாருமில்லை. மண் தூசி நெஞ்சில் இறங்கி இருமல் பிடித்துக்கொண்டது. போன வருடம் அந்த மிஷின்மேலேயே சாய்ந்து இறந்துபோனாள்.

"மிஷின் சத்தம் நின்னு ரெண்டு நாள் கழிச்சித்தான் எங்களுக்கே ஒறைச்சிது" என்று மெல்லச் சொன்னாள் கொளஞ்சியம்மாள்.

வழியையும் அவளே சொன்னாள். மணவாளநல்லூர் கொளஞ்சியப்பரிடம் பிராது கட்டிவிடலாம். திருட்டு, சண்டை, ஏமாற்று என்று எந்த வழக்கானாலும் காகிதத்தில் எழுதி அந்த முருகன் பாதத்தில் வைத்து, முனியப்பர் சன்னிதி வேலில் கட்டிவிட்டால் சாமி விசாரித்துக்கொள்ளும். அது அந்தப் பக்கத்து மக்களின் நம்பிக்கை. மறுநாளே இருவரும் போனார்கள். மதிவதனி எழுதினாள்: 'என் வீட்டில், இறந்துபோன தனக்கோடி என்பவள் இருந்துகொண்டு எனக்குத் தொந்தரவு தருகிறாள். அவளை அப்புறப்படுத்த வேண்டும்.' கீழே தன் பெயரைப் போட்டாள். பூசாரி விபூதி வைத்துத் தந்ததும் காகிதத்தைச் சுருட்டி, வேலின் கீழ்ப்பக்கம் கட்டினாள்.

அன்று மத்தியானம் கரண்ட்டு போனது. பின்அறையில் சத்தம் இல்லை.

அடுத்த நாளும் இல்லை.

நிம்மதி வரும் என்றுதான் நினைத்தாள். வரவில்லை. வீடு கிணறுபோல ஆழமாகிவிட்டது. தன் வளையல் சத்தத்துக்கே திடுக்கிட்டாள்.

இன்னொன்றும் நடந்தது. வேலை நகரவில்லை. பிராது கட்டுவதற்கு முன்பு சில நாள் சாயங்காலம் எண்ணிப் பார்த்தால், தான் நினைத்ததைவிட ஒன்றிரண்டு ரவிக்கைகள் முடிந்திருக்கும். அசதியில் தைத்ததை மறந்துவிட்டோம் என்று இருந்துவிடுவாள். இப்போது தைத்தது மட்டும்தான் இருந்தது.

நான்காம் நாள் கொளஞ்சியம்மாள் தன் ரவிக்கையை வாங்க வந்தாள். உள்ளே போய்ப் போட்டுக்கொண்டு வந்தவள், பொம்மைத் தட்டைத் தலைக்குத் தூக்குவதுபோல இரண்டு கைகளையும் மேலே உயர்த்தினாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"இந்த ஒட்டு வைக்க உனக்கு யாரு சொல்லிக் குடுத்தது?" என்று கிசுகிசுத்தாள்.

மதிவதனிக்குப் புரியவில்லை. கொளஞ்சியம்மாள் அக்குளைக் காட்டினாள். சதுரமாக வெட்டிய ஒரு சின்ன துண்டு அங்கே வைத்துத் தைக்கப்பட்டிருந்தது. நெருக்கமான, பொடித் தையல். சுமை தூக்குகிறவர்களுக்கு ரவிக்கை முதலில் கிழிவது அந்த இடத்தில்தான். கேட்காமலே அங்கே ஒட்டு வைத்துக் கொடுத்தவள் அந்தத் தெருவில் ஒருத்திதான் இருந்தாள்.

கொளஞ்சியம்மாள் முந்தானையால் ரவிக்கையை மூடிக்கொண்டு போய்விட்டாள்.

மதிவதனி தைத்து வைத்திருந்ததையெல்லாம் புரட்டினாள். ஒன்பது ரவிக்கைகளில் அந்த ஒட்டு இருந்தது. அவள் வைத்ததில்லை.

ஒன்பது.

உதவி செய்தவள்மேல் சாமியிடம் வழக்குப் போட்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பக்கத்தில் வந்து உட்கார ஆசைப்பட்டவளை, பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டு விரட்டியிருக்கிறாள்.

பிராதைத் திரும்பப் பெற உடனே கோயிலுக்குப் போயிருப்பாள். ஆனால் பதினோரு ரவிக்கைகள் மீதி இருந்தன. கடைத்தெருவுக்குப் போய் ஒரு பெல்ட்டு வாங்கி வந்தாள். பின்அறைக் கால் மிஷினுக்கு எண்ணெய் விட்டாள். சக்கரத்தில் பெல்ட்டை மாட்டினாள். கரண்ட்டு போனதும் அதன் முன்னால் உட்கார்ந்தாள். பழக்கமில்லாத கால் முதலில் பின்பக்கமாக மிதித்து நூலை அறுத்தது. மெல்ல மெல்லப் பழகியது. மிதிப்பலகை சில்லென்று இருந்தது. முதுகுக்குப் பின்னால் யாராவது இருமினால் நன்றாயிருக்கும் என்றுகூட நினைத்தாள்.

யாரும் இருமவில்லை.

ஒவ்வொரு ரவிக்கைக்கும் அக்குளில் ஒட்டு வைத்தாள். தீபாவளிக்கு முந்தின நாள் காலையில் கடைசி ரவிக்கையும் வீடு போய்ச் சேர்ந்தது. அண்ணனுக்குப் போன் செய்தாள். அவர், மறுநாள் காலை பஸ்ஸில் புள்ளையைக் கூட்டி வருகிறேன் என்றார்.

அன்று மத்தியானம், யாரிடமும் சொல்லாமல், அவள் மட்டும் மணவாளநல்லூர் போனாள். இரண்டு நாளாக மழை. பிராதைத் திரும்பப் பெறுவதற்கு உண்டான பணத்தைக் கட்டிவிட்டு வேலருகே வந்தபோது அங்கே ஒருவரும் இல்லை. ஆயிரக்கணக்கான காகிதங்கள் தொங்கின. மழையில் ஊறி, கூழாகி, எழுத்து கரைந்து, பாதி கிழிந்து கிடந்தன. தன்னுடையதும் அப்படித்தான் போயிருக்கும் என்று குனிந்து தேடினாள்.

அது கிழியவில்லை.

விரித்துப் பார்த்தாள். அவள் கையெழுத்துத்தான். அவள் எழுதிய அதே வரிகள்தான். காகிதத்தின் நான்கு ஓரங்களும் மெலிசாக மடிக்கப்பட்டிருந்தன. மடிப்பின்மேல், காற்றும் மழையும் கிழித்துவிடாதபடி, நெருக்கமான பொடித் தையல் ஓடியிருந்தது. மூலையில் வெள்ளை மண் ஒரு விரல்நுனி அளவுக்கு ஒட்டியிருந்தது.

தன்மேல் எழுதிய பிராது என்று தெரிந்தும் ஓரம் அடித்திருக்கிறாள்.

மதிவதனி வெகுநேரம் அழுதாள். பிறகு பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, முழங்காலில் வைத்து எழுதினாள்.

'கொளஞ்சியப்பா, என் அக்கா தனக்கோடி மீது எனக்கு எந்த வழக்கும் இல்லை. அவள் எங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.'

பெயரைப் போட்டாள். மூச்சை அடக்கிக்கொண்டு, வேலில் இறுக்கிக் கட்டினாள்.