ஐந்து விருந்தினரும் ஆறாவது ஆளும்

பனிக்காலம் முற்றிலும் விடைபெறாமலும், இளவேனில் முற்றிலும் வந்து சேராமலும் இருக்கும் நாள்கள் அவை. புல்வெளியின்மேல் விரிந்து கிடந்த வெண்பனி, பழங்கம்பளம்போல் ஆங்காங்கே கிழிந்து கரிய மண்ணைக் காட்டும். உறைந்து கிடந்த ஆறு தன் மேலோட்டை உடைத்துக்கொண்டு முழங்கும். வானம்பாடி ஒன்று பாடத் தொடங்கி, எதையோ நினைத்துக்கொண்டு பாதியில் நிறுத்திவிடும். படைத்தவன் அடுத்த சொல்லைச் சொல்லும்வரை மண்ணும் விண்ணும் மூச்சடக்கிக் காத்திருப்பதுபோல் தோன்றும்.

அப்படிக் காத்திருக்கும் நாள்களில்தான் அந்தக் காற்று வரும். ‘ஐந்து விருந்தினர்’ என்பது அதன் பெயர். முன்னொரு காலத்தில், வானம் தெளிந்துவிட்டது என்று நம்பி ஐந்து விருந்தினர் ஒரு வீட்டிலிருந்து புறப்பட்டனராம். நடுவழியில் பனிப்புயல் அவர்களைச் சூழ்ந்துகொண்டது. ஐவரில் ஒருவரும் ஊர் போய்ச் சேரவில்லை.

அந்தக் காற்று வீசிய ஒரு மாலையில், பதினொரு வயது ஷினாரின் வீட்டுக்குச் சரியாக ஐந்து விருந்தினர் வந்து நின்றார்கள்.

கதவைத் திறந்த அம்மா சாவ்லே, அவர்களை எண்ணிப் பார்த்தாள். முகம் வெளுத்தது. இன்னொரு முறை எண்ணினாள். அப்போதும் ஐந்துதான்.

ஐவரும் மாகாண மன்றத்தின் உறுப்பினர்கள். மறுநாள் நகரில் நடக்கவிருந்த கூட்டத்துக்கு ஒரே வேனில் போய்க்கொண்டிருந்தார்கள். நெடுஞ்சாலையில் வேன் பனியில் புதைந்துவிட்டது. பனி அள்ளும் வண்டி ஓட்டும் ஷினாரின் அப்பா அவர்களை வேனோடு மீட்டு, வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு, மறுபடி சாலைக்கே போய்விட்டார்.

மன்றம் என்ற சொல் காதில் விழுந்ததும் ஷினாரின் நெஞ்சு துள்ளியது. அதற்குக் காரணம் ஒரு பாலம்.

அவர்களுடைய ஊரை ஆறு இரண்டாகப் பிரித்திருந்தது. இரு கரைகளையும் இணைத்த பாலத்தைச் சென்ற ஆண்டு பனிக்கட்டி அடித்துக்கொண்டு போனது. அதன்பின், ஆறு பெருகும் நாள்களிலெல்லாம் அக்கரைத் தோழி குல்நாஸால் பள்ளிக்கு வர முடிவதில்லை. இந்த ஆண்டும் பாலம் வராவிட்டால், குல்நாஸை நகரத்திலிருக்கும் அத்தை வீட்டுக்கே அனுப்பிவிடுவதென்று அவள் தந்தை முடிவு செய்திருந்தார். பாலம் கட்டுவதா வேண்டாமா என்று தீர்மானிப்பது மாகாண மன்றம். அந்த மன்றத்தின் ஐந்து துண்டுகள் இப்போது ஷினாரின் வீட்டில் காலுறைகளை உலர்த்திக்கொண்டிருந்தன.

அம்மா ஆட்டிறைச்சியை வேகவைத்துப் பெரிய தட்டில் கொண்டுவந்து வைத்தாள். ஆட்டுத்தலை தனித்தட்டில் வந்தது. விருந்தினரில் உயர்ந்தவர்தான் அதை முதலில் அறுக்க வேண்டும். அவர் கை வைக்காதவரை வேறு யாரும் உண்ணலாகாது.

சிக்கல் அங்கே தொடங்கியது.

ஐவரில் வயது முதிர்ந்தவர் செய்ல்பெக். அவர் தட்டை மருத்துவர் ஒரின்பசாரிடம் நகர்த்தினார். அந்த அம்மையார் மன்றத்தின் சுகாதாரக் குழுவுக்குத் தலைவர். அவர் அதை நிதிக் குழுத் தலைவரான தோலெகெனிடம் நகர்த்தினார். தோலெகென், கல்விக் குழுவிலிருந்த தலைமையாசிரியரிடம் தள்ளினார். தலைமையாசிரியர், வேன் ஓட்டிவந்த எர்ஸாத்திடம் தள்ளினார். எர்ஸாத் இந்த ஆண்டுதான் தேர்ந்தெடுக்கப்பட்டவன், மிகவும் இளையவன். பாம்பைக் கண்டவன்போல் அவன் தட்டைச் செய்ல்பெக்கிடமே தள்ளிவிட்டான். தட்டு இரண்டாம் சுற்றுக்குப் புறப்பட்டது.

ஷினாருக்குப் பசித்தது. “மன்றத்துல உங்கள்ல யாருங்க பெரியவங்க?” என்று கேட்டாள்.

“அங்க யாரும் பெரியவங்க இல்லைம்மா,” என்றார் ஒரின்பசார். “மொத்தம் முப்பது பேர். ஒவ்வொருத்தரையும் ஒவ்வொரு தொகுதி ஜனங்க அனுப்பியிருக்காங்க. குழுத் தலைவரா இருந்தாலும் சரி, நேத்து வந்த எர்ஸாத்தா இருந்தாலும் சரி, ஆளுக்கு ஒரு ஓட்டுதான்.”

“அப்போ ஓட்டுப் போட்டுடுங்களேன். கறி ஆறுது.”

யோசனை எல்லாருக்கும் பிடித்துவிட்டது. ஆனால் பணிவு அவர்களை விடவில்லை. ஒவ்வொருவரும் தம் வலப்பக்கத்தில் இருந்தவருக்கு வாக்களித்தார்கள். ஐந்து பேருக்கும் ஒவ்வொரு வாக்கு விழுந்தது. மறுவாக்கெடுப்பு நடந்தது. இம்முறை அனைவரும் இடப்பக்கத்தில் இருந்தவருக்கு வாக்களித்தார்கள். மறுபடியும் ஆளுக்கு ஒன்று. இறைச்சியின்மேல் கொழுப்பு உறையத் தொடங்கியது.

இப்படிச் சமமாக வந்தால் மன்றத்தில் என்ன செய்வீர்கள் என்று ஷினார் கேட்டாள். தலைவர் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் என்றார் தலைமையாசிரியர். உடனே தோலெகென் நகரில் இருந்த மன்றத் தலைவரைத் தொலைபேசியில் அழைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்து, விஷயத்தை முறைப்படி விளக்கினார்.

மறுமுனையில் தலைவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

“தோலெகென் அகா,” என்று அண்ணன் முறை சொல்லித் தொடங்கியது ஒரு களைத்த குரல். “இங்க என்னையும் சேர்த்துப் பதினஞ்சு பேர்தான் இருக்கோம். மத்தவங்க வடக்கே மாட்டிக்கிட்டாங்க. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு இருபது பேர் உக்காரலைன்னா கூட்டமே கிடையாது. கூட்டம் இல்லைன்னா சாலை, பாலம் எல்லாம் அடுத்த வருஷத்துக்குப் போயிடும். நீங்க அங்க ஆட்டுத்தலைக்குத் தேர்தல் நடத்திக்கிட்டிருக்கீங்க.” ஒரு பெருமூச்சு கேட்டது. “என் ஓட்டு செய்ல்பெக் அகாவுக்கு. சாப்பிட்டுத் தூங்குங்க.”

செய்ல்பெக் வழக்கப்படி ஒரு காதை அறுத்து வீட்டுப்பிள்ளையான ஷினாரிடம் கொடுத்தார். அவள் அதைக் கடிக்க மறந்தாள். பதினைந்தும் ஐந்தும் இருபது. ஒருவர் குறைந்தாலும் பாலம் இல்லை.

எங்கள் ஊர்ப் பாலம் பட்டியலில் இருக்கிறதா என்று அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். இருக்கிறது என்றார் தோலெகென். பட்டியல் நீளமானது என்றும், எல்லாவற்றுக்கும் கை தூக்கிவிட முடியாது என்றும் சொல்லிவிட்டு, எலும்பிலிருந்த இறைச்சியைக் கவனிக்கத் தொடங்கினார்.

காலையில் வானம் கழுவிக் கவிழ்த்த நீலக் கிண்ணம்போல் இருந்தது. சாலை திறந்துவிட்டது, நான் முன்னே போகிறேன், வேன் பின்னால் வரட்டும் என்று அப்பா தகவல் சொன்னார். ஐவரும் மேலங்கி அணிந்து வாசலுக்கு வந்தார்கள்.

வாசலில் அம்மா நின்றாள். முதுகு கதவோடு ஒட்டியிருந்தது. வலக்கை மேலாடைப் பைக்குள் இருந்தது. பைக்குள் வேனின் சாவி இருந்தது.

“தப்பா நினைக்காதீங்க,” என்றாள். “இந்தக் காத்து ஓயற வரைக்கும் அஞ்சு விருந்தாளியை ஒண்ணா இந்த வாசலைத் தாண்ட விடமாட்டேன். இன்னொரு ஆடு இருக்கு. இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க.”

தோலெகென் வானிலை அறிக்கையைப் படித்துக் காட்டினார். அந்த ஐவருக்கும் வானம் தெளிந்துதான் இருந்தது என்றாள் அம்மா. அது வெறும் பழங்கதை என்றார் தலைமையாசிரியர். அப்படியானால் அவர்கள் திரும்பி வந்ததை நீங்கள் பார்த்தீர்களா என்று அம்மா கேட்டாள். இருவரும் மூவருமாக இரண்டு நடை போகலாம் என்றான் எர்ஸாத். ஆனால் இரண்டாம் நடை நகரைச் சேரும்போது மணி இரண்டாகிவிடும். செய்ல்பெக் பாதி மாட்டிய காலணியோடு மெதுவாகத் திரும்ப உட்கார்ந்துகொண்டார். அவரும் உள்ளுக்குள் அம்மாவின் கட்சிதான்.

மாகாணம் முழுமைக்கும் விதி செய்பவர்கள், ஒரு மரக்கதவின்முன் செய்வதறியாது நின்றார்கள்.

ஷினாருக்கு அழுகை முட்டியது. அம்மாவிடம் சண்டை போட வாய் திறந்தாள். அப்போதுதான் அந்தப் பையைக் கவனித்தாள். துணிக்குள் அம்மாவின் விரல்கள் ஒவ்வொன்றாக அசைந்து, ஐந்தையும் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தன. நேற்றுவரை பெயர்கூடத் தெரியாத ஐந்து பேருக்காக அம்மா உண்மையாகவே பயந்துபோயிருந்தாள்.

ஷினார் அருகில் போய்ப் பைக்கு மேலாக அந்தக் கையைப் பற்றிக்கொண்டாள்.

“அம்மா, அந்த அஞ்சு பேர் புறப்பட்டப்போ, அந்த வீட்டிலேர்ந்து யாராவது கூடப் போனாங்களா?”

அம்மா யோசித்தாள். “கதைல அப்படி வரலை.”

“அதனாலதான் அஞ்சாவே போயிட்டாங்க. விருந்தாளியை வழியனுப்பறதுன்னா கொஞ்ச தூரம் கூடப் போகணும்னு நீதானே சொல்லுவே. நான் கூடப் போறேன். ஆறு பேர் ஆயிடும். முன்னால அப்பா வேற இருக்கார்.”

அம்மா விரல்விட்டு எண்ணினாள். ஒரு கை போதவில்லை. ஆறாவது விரலுக்கு மற்றொரு கை வேண்டியிருந்தது. அந்தக் கை பையிலிருந்து வெளியே வந்தபோது, கூடவே சாவியும் வந்தது.

அதோடு விடவில்லை. ஆறு பேர் பயணத்துக்கு, அறுபது பேர் உண்ணும் அளவுக்குப் பொரித்த ரொட்டியும் கட்டிக் கொடுத்தாள்.

வேன் ஆற்றங்கரையை ஒட்டிச் சென்றது. அக்கரையில் சிவப்புத் துணி ஒன்று அசைந்தது. ஷினார் சன்னல் வழியே தன் கழுத்துத்துணியை எடுத்து அசைத்தாள்.

“யாரும்மா அது?” என்றார் தோலெகென்.

“குல்நாஸ். வகுப்புல என் பக்கத்து இடம் அவளோடதுதான். பாலம் இல்லாததால தினமும் காலைல இப்படித்தான் பேசிக்குவோம்.”

அவர் வேனை நிறுத்தச் சொன்னார். கனத்த உடம்போடு பனியில் இறங்கி நின்று, வாயைச் சுற்றிக் கையைக் குவித்து, பள்ளிக்கூடம் போகலையா என்று கத்தினார். ஆறு அதை விழுங்கிவிட்டது. அக்கரைச் சிறுமியும் ஏதோ கத்தினாள். அதையும் ஆறு விழுங்கிவிட்டது. தோலெகென் சற்று நேரம் அங்கேயே நின்றார். பிறகு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். நகரம் வரும்வரை ஒரு ரொட்டிகூட எடுக்கவில்லை.

பத்து மணிக்குச் சற்று முன்னால் அவர்கள் மன்றத்துக்குள் ஓடினார்கள். செய்ல்பெக், விருந்தினரை அருகில் உட்காரவைக்கும் பழக்கதோஷத்தில், பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியில் ஷினாரையும் உட்காரவைத்துவிட்டார். வருகையைக் கணக்கெடுத்த பணிப்பெண் இருபத்தொன்று என்றாள். தலைவர் நெற்றியைச் சுருக்கி மறுபடி எண்ணச் சொன்னார். மறுபடியும் இருபத்தொன்று.

“இருபதுக்கே வழியில்லாம இருந்தேன். யாருய்யா அந்தக் கூடுதல் உறுப்பினர்?”

ஷினார் எழுந்து நின்றாள். அப்படி நின்றும் மேசைக்குமேல் தலைதான் தெரிந்தது. “நான் உறுப்பினர் இல்லீங்க. ஆறாவது ஆள்.”

“அந்தப் பிள்ளை வரலைன்னா நாங்க அஞ்சு பேரும் வந்திருக்க மாட்டோம்,” என்றார் செய்ல்பெக்.

தலைவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் இருபது பேர் இருந்த மகிழ்ச்சியில் மேற்கொண்டு விசாரிக்காமல், அவளை மாடத்திலிருந்த பார்வையாளர் இருக்கைக்கு அனுப்பினார்.

மேலிருந்து பார்த்தபோது மன்றம் முழுவதும் தெரிந்தது. உயர்ந்த மேசையில் தலைவர், அரைவட்டமாக உறுப்பினர்கள், பக்கத்து மேசையில் தம் அதிகாரிகளோடு மாகாண ஆளுநர். ஷினாரின் பள்ளியில் அவருடைய படம் மாட்டியிருந்தது. ஒவ்வொரு தீர்மானத்துக்கும் கைகள் உயர்ந்தபோது, அவருடைய கை மட்டும் உயரவில்லை. ஏன் என்று ஷினார் பணிப்பெண்ணிடம் கிசுகிசுத்தாள்.

“அவர் இங்க உறுப்பினர் இல்லை கண்ணு. திட்டம் கொண்டுவருவார், கேள்வி கேட்டா பதில் சொல்வார். கை தூக்கறது இவங்க வேலை.”

அப்படியானால் ஆளுநரும் தானும் ஒன்றுதான் என்று ஷினார் எண்ணிக்கொண்டாள். அது அவளுக்குச் சற்றுப் பெருமையாக இருந்தது.

பாலம் வந்தது. அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாமே என்று ஒருவர் சொன்னார். அதுவே நல்லது என்றார் இன்னொருவர். நிதிக் குழு என்ன சொல்கிறது என்று தலைவர் கேட்டார். ஷினார் மாடத்துக் கம்பியை இறுகப் பற்றிக்கொண்டாள்.

தோலெகென் எழுந்தார். “குழுவோட கருத்து இந்தக் காகிதத்துல இருக்கு. தள்ளிவைக்கலாம்னு எழுதியிருக்கோம். ஆனா நாங்க எழுதினப்போ அந்த ஆத்தைப் பாக்கலை. இன்னிக்குக் கரையில நின்னு கத்திப் பாத்தேன். எதிர்க்கரைல நின்ன பிள்ளைக்கு என் குரல் எட்டலை.” காகிதத்தை மடித்தார். “என் ஓட்டு பாலத்துக்கு.”

அவர் கை முதலில் உயர்ந்தது. அடுத்து ஒரின்பசாரின் கை. தலைமையாசிரியர், எர்ஸாத், செய்ல்பெக். பிறகு புல்வெளியில் காற்று ஓய்ந்ததும் கோரைகள் நிமிர்வதுபோல் வரிசை வரிசையாகக் கைகள் எழுந்தன. நிறைவேறியது என்றார் தலைவர்.

கூட்டம் கலைந்து எல்லாரும் தேநீருக்குப் போனார்கள். ஷினார் தனியே வெளிப்படிக்கட்டுக்கு வந்தாள். காற்று மறுபடி எழுந்திருந்தது. பொடிப்பனி படிகளில் சுழன்றது. பழங்காலத்தில் ஆறாவது ஆள் இல்லாமல் புறப்பட்டுப்போன அந்த ஐவரை அவள் நினைத்துக்கொண்டாள். அவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது. இரு உள்ளங்கைகளையும் நெஞ்சுக்கு நேரே விரித்து, உதடு மட்டும் அசைய அவர்களுக்காக இறைவனை வேண்டி, கைகளால் முகத்தை வருடிக்கொண்டாள்.

அவளைத் தேடிவந்த செய்ல்பெக் கதவருகே நின்று அதைப் பார்த்தார். என்ன வேண்டினாய் என்று கேட்கவில்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டு அவரும் தம் முதிய உள்ளங்கைகளை விரித்தார்.

“உன் வழியெல்லாம் வெளிச்சமாகட்டும், மகளே. நீ போகும் ஆறுகளுக்கெல்லாம் பாலம் இருக்கட்டும். உன் வாசலுக்கு வருபவர் பசியாறிப் போகட்டும். புறப்பட்டவர் எல்லாரும் வீடு போய்ச் சேரட்டும். ஆமீன்.”